ஏழு நாள் டாக்ஸிசைக்ளினும் அரசு ஆஸ்பத்திரி சுகவாழ்வு மையமும்: பயன்படுத்தியவளின் விமர்சனம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கிளமிடியா என்கிற பால்வினைத் தொற்றுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாள். மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அதை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒன்றாகக் கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி, பைசா வாங்காமல் அனுப்பிய அரசு ஆஸ்பத்திரி சுகவாழ்வு மையத்துக்கு, அதாவது அங்கே இருக்கிற பால்வினைத் தொற்று கிளினிக்குக்கு, ஐந்துக்கு நாலு. அதற்கு முன்னால் நான் போன தனியார் கிளினிக்குக்கு ஒன்று, அதுவும் சரியான டெஸ்ட்டை எழுதிக் கொடுத்ததற்காக மட்டும்.

பிரியாணிக் கடை, மிக்ஸி, பிரசவ ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் தமிழில் விமர்சனம் கிடைக்கிறது. இந்த வியாதிக்குத் தேடினால் வருவதெல்லாம் லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒருமுறை முகாம் நடத்தும் வைத்தியர்களின் விளம்பரம்தான். ஆண்களைப் பயமுறுத்துவதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், கல்யாணமான ஒரு பெண்ணுக்கு இது வந்தால் எங்கே போவது, என்ன மாத்திரை, எப்படிச் சாப்பிடுவது என்று உருப்படியாக ஒரு பத்தி கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

எனக்கு இருந்தது வெள்ளைப்படுதல், கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரி, அப்புறம் தாம்பத்தியத்துக்குப் பிறகு துளி ரத்தம். அடிவயிற்றில் எப்போதாவது ஒரு மந்தமான வலி. நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பதில், உடம்பு சூடு. வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. என் அத்தை அன்பாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இளநீர் குடித்தால் கிருமி போகாது, அதுவும் இந்தக் கிருமி உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்து பெருகுகிற வகை. எனக்காவது அறிகுறி இருந்தது. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கும் ஆண்களில் பலருக்கும் ஒன்றுமே தெரியாது. தெரியாமலே கருக்குழாய் வரைக்கும் ஏறி, குழாயில் தழும்பு விழுந்து, பிற்பாடு குழந்தை தங்கவில்லை என்று கருத்தரிப்பு மையங்களில் லட்சங்களைக் கொட்டும்போதுதான் சிலருக்கு விஷயம் வெளியே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் 12.9 கோடி புதிய கிளமிடியா தொற்றுகள். இது ஏதோ கெட்டுப்போனவர்களுக்கு வருகிற அபூர்வ வியாதி என்ற எண்ணம் அந்த எண்ணைப் பார்த்ததுமே போய்விட வேண்டும்.

தனியார் கிளினிக்கில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் பரிசோதித்தார், கருப்பைவாய் சிவந்திருக்கிறது என்றார், பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினார். கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் பிசிஆர் வகை டெஸ்ட், தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் ஆகும். கிளமிடியா பாசிட்டிவ், கொனோரியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று நெகட்டிவ் என்று வந்தது. அஸித்ரோமைசின் ஒரு கிராம், ஒரே வேளை, விழுங்கிவிட்டுப் போங்கள் என்றார்கள். இது என்ன வியாதி, எப்படிப் பரவும் என்று ஒரு வார்த்தை கிடையாது. “சின்ன இன்ஃபெக்‌ஷன்மா” என்பதோடு முடிந்தது. என் வீட்டுக்காரருக்கும் மருந்து வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்த நர்ஸ் மட்டும் “சார் வெளியூர்ல வேலை பாக்குறாரா?” என்று ஒரு மாதிரி பார்த்தபடி கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்துக்காகவே நான் மறுபடி அங்கே போகவில்லை.

மாத்திரை போட்டதும் அறிகுறிகள் குறைந்தன, அப்புறம் கொஞ்ச காலத்தில் எல்லாம் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அஸித்ரோமைசின் மோசமான மருந்து என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கு இன்றைக்கும் அதுதான் முதல் தேர்வு, அவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுப்பதில்லை. ஒரே வேளையில் முடிந்துவிடுவது பெரிய வசதியும்கூட, பாதியில் விட்டுவிடுவார்களோ என்ற கவலை டாக்டருக்கு இல்லை. 2015ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இளைஞர்களுக்குக் கண்முன்னால் மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறுநீர், பிறப்புறுப்புத் தொற்றில் டாக்ஸிசைக்ளின் எடுத்த யாருக்கும் சிகிச்சை தோற்கவில்லை, அஸித்ரோமைசின் எடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத் தோற்றது. இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. வித்தியாசம் வருவது வேறு இடத்தில். பெண்களுக்கு இந்தக் கிருமி பிறப்புறுப்பில் இருக்கும்போதே ஆசனவாய்ப் பகுதியிலும் இருப்பது சகஜம், அதற்கு ஆசனவாய் வழி உறவு நடந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பிரான்சில் பெண்களிடம் நடத்தி 2022ல் வெளியிட்ட ஆய்வில், அந்த இடத்தில் டாக்ஸிசைக்ளின் 94 சதவீதம் பேருக்குக் கிருமியை ஒழித்தது, அஸித்ரோமைசின் 85 சதவீதம் பேருக்குத்தான். அங்கே மிச்சம் இருக்கிற கிருமி மறுபடி முன்பக்கம் வரக்கூடும் என்பதுதான் பயம். பிரிட்டன் 2018லும் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021லும் டாக்ஸிசைக்ளினை முதலிடத்துக்குக் கொண்டுவந்து அஸித்ரோமைசினை மாற்று மருந்தாக இறக்கிவிட்டன. ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், கூடவே வரக்கூடிய மைகோபிளாஸ்மா என்ற வேறொரு கிருமி அஸித்ரோமைசினுக்கு அசைந்துகொடுப்பதைப் பல இடங்களில் நிறுத்திவிட்டது.

சரி, சுகவாழ்வு மையத்துக்கு வருவோம்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் உதவியோடு நாடு முழுக்க அரசு ஆஸ்பத்திரிகளில் நடக்கிற பால்வினைத் தொற்று கிளினிக்குகள் இவை, தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்ற பலகையோடு இருக்கும். எச்ஐவி பரிசோதனைக்கான நம்பிக்கை மையம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். பால்வினை நோய்க்கென்றே தனித் துறை, அதற்கென்று படித்த டாக்டர்கள் என்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம், சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு ஒரு நிறுவனமே இருக்கிறது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் தோல் டாக்டரே இதையும் பார்ப்பார். நான் போன ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, எங்கள் மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓபி சீட்டு போடும் இடத்தில்தான் முதல் தயக்கம். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்பார்கள், பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். நான் ஒரு தாளில் எழுதி நீட்டினேன், அந்த அம்மா படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறை எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த யுக்தியை எல்லோரும் செய்யலாம். இல்லையென்றால் மகப்பேறு ஓபியில் காட்டினாலும் அவர்களே இங்கே அனுப்புவார்கள், கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு கவுன்சிலர் அக்கா. மேசையில் மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரி, ஆணுறைப் பெட்டி, சுவரோரத்து அலமாரியில் வண்ண வண்ணமாக மருந்துப் பெட்டிகள். அந்த வண்ணங்களுக்குப் பின்னால் நல்ல யோசனை இருக்கிறது. எல்லா ஊரிலும் விலை உயர்ந்த லேப் டெஸ்ட் செய்ய முடியாது என்பதால், அறிகுறியை வைத்து என்னென்ன கிருமி இருக்கக்கூடுமோ அத்தனைக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் மருந்து வைத்துவிட்டார்கள். சாம்பல் நிறப் பெட்டியில் அஸித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம். கிளமிடியா, கொனோரியா இரண்டையும் குறிவைத்து ஒரே வேளையில் போட வேண்டியது. பச்சைப் பெட்டி வேறு வகை வெள்ளைப்படுதலுக்கு, மஞ்சள் பெட்டி அடிவயிற்று வலிக்கு, அதில் டாக்ஸிசைக்ளினே 14 நாளுக்கு இருக்கும். பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளை, அங்கே வருகிற ஹெர்ப்பிஸ் என்ற அக்கிக்குச் சிவப்பு, இன்னும் நீலம், கறுப்பு என்று மொத்தம் ஏழு. படிக்காதவர்கள்கூட “எனக்குச் சாம்பல் பெட்டி குடுத்தாங்க” என்று அடுத்த டாக்டரிடம் சொல்லிவிட முடியும். யார் யோசித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த அக்கா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். பெயர், ஊர், எத்தனை வருடமாகக் கல்யாணம், குழந்தைகள். அப்புறம் அறிகுறி. அப்புறம்தான் உறவு பற்றிய கேள்விகள், அதுவும் “இது மருந்து முடிவு பண்ணத்தான்மா கேக்குறேன், விருப்பமில்லைன்னா சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிட்டு. யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் எழுப்பவே இல்லை. நான்தான் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்த மையத்துக்கு நான் இவ்வளவு மதிப்பெண் கொடுக்கக் காரணம். “இந்தக் கிருமி மாசக்கணக்கா, சில பேருக்கு அதுக்கும் மேல, சத்தமே இல்லாம உள்ள இருக்கும்மா. இப்ப தெரிஞ்சதால இப்ப வந்ததுன்னு அர்த்தமில்ல. யார்கிட்ட இருந்து யாருக்குன்னு இந்த ரிப்போர்ட் சொல்லாது. அதைத் தேடப்போனா வீட்டுல சண்டைதான் மிஞ்சும், மருந்து நின்னுபோயிடும்.” நான் அழுதேன், அவர் அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் கொடுத்தார்.

டாக்டரும் ஒரு பெண்மணி. என் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறைவுத் திரைக்குப் பின்னால் கருவி வைத்துப் பரிசோதித்தார், அடிவயிற்றை அழுத்தி வலி எங்கே என்று கேட்டார். கருப்பை, குழாய் பக்கம் தொற்று ஏறியிருந்தால் ஏழு நாள் போதாது, மஞ்சள் பெட்டி மாதிரி 14 நாள் வைத்தியம் வேண்டும், அதற்குத்தான் அந்தச் சோதனை. எனக்கு அப்படி இல்லை. பிறகு சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னார், டாக்ஸிசைக்ளின் எழுதுவதற்கு முன் இதைச் செய்யாத டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பக்கத்து நம்பிக்கை மையத்தில் எச்ஐவிக்கும், லேபில் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டும் இல்லை என்று வந்தது. ஒரு பால்வினைத் தொற்று இருந்தால் மற்றவற்றையும் பார்த்துவிடுவதுதான் முறை, இதற்காகப் பதற வேண்டியதில்லை. கொனோரியா இல்லை என்று ரிப்போர்ட் கையில் இருந்ததால் சாம்பல் பெட்டி வேண்டாம், டாக்ஸிசைக்ளின் மட்டும் போதும் என்று எழுதினார். “ஏற்கெனவே அஸித்ரோமைசின் எடுத்தும் திரும்பியிருக்கு, ஒருவேளை மருந்து கேக்காம போயிருக்கலாம், ஆனா உங்க வீட்டுக்காரர் எடுக்காததாலதான் திரும்பியிருக்க அதிக வாய்ப்பு” என்றார். தனியார் கிளினிக்கில் காசு வாங்கிக்கொண்டு சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான்.

இப்போது மருந்து. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொடுத்த அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருந்தது. வெளியே வாங்கினாலும் விலை பயமுறுத்தாது. டாக்ஸி-1 எல்டிஆர் ஃபோர்ட்டே, டாக்ஸ்ட்-எஸ்எல் போன்றவை கடைகளில் அதிகம் பார்க்கிற பெயர்கள், அவற்றில் வயிற்றுக்கு நல்லதென்று லாக்டிக் அமில பாக்டீரியாவையும் சேர்த்திருப்பார்கள். மக்கள் மருந்தகத்தில் வெறும் டாக்ஸிசைக்ளின் இன்னும் மலிவு. எதுவானாலும் வேலை செய்வது ஒரே மருந்துதான், பிராண்டுக்காக அலைய வேண்டாம்.

ஏன் ஏழு நாள் என்று கேட்டேன். கிளமிடியா செல்லுக்குள் புகுந்து, உருமாறி, பெருகி, செல்லை உடைத்து வெளியேற இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தச் சுற்று முழுக்க மருந்து உடம்பில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் கிருமியைப் புரதம் தயாரிக்க விடாமல் தடுக்கிறது, அதனால் அது பெருக முடியாமல் நிற்கிறது, மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்கிறது. இரண்டாம் மூன்றாம் நாளிலேயே எனக்கு நன்றாகத் தெரிந்தது, வெள்ளைப்படுதல் குறைந்துவிட்டது. நிறையப் பேர் நிறுத்துவது அந்த இடத்தில்தான். நிறுத்தக் கூடாது.

சாப்பிடும் முறையில் இந்த மாத்திரை கொஞ்சம் கறாரானது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், எனக்கு முதல் நாள் காலை அப்படித்தான் ஆனது, அடுத்த நாளிலிருந்து இரண்டு இட்லிக்குப் பிறகு போட்டேன், பிரச்சினை இல்லை. தண்ணீர் ஒரு வாய் போதாது, பெரிய டம்ளர் நிறையக் குடிக்க வேண்டும், போட்டபின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும், நெஞ்சில் கத்தி வைத்தாற்போல் வலிக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். அதனால் இரவு மாத்திரையைப் படுக்கையில் உட்கார்ந்து போடுகிற வேலையே வேண்டாம், எட்டு மணிக்கு டிபனோடு முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போங்கள். காபி ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. பாலில் இருக்கிற கால்சியம் இந்த மருந்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், இதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளின் அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் மாத்திரையைக் காபியிலோ பாலிலோ விழுங்காதீர்கள். அதைவிட முக்கியம் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஜெலுசில் மாதிரியான அசிடிட்டி மருந்து. நம் பெண்களில் பாதிப் பேர் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரமாவது விட வேண்டும்.

வெயில்தான் எனக்குப் பெரிய தொல்லை. வண்டியில் போய்வந்த பிறகு புறங்கை இரண்டும் சிவந்து எரிந்தது. இந்த மருந்து எடுக்கும்போது தோல் வெயிலைத் தாங்காது என்று சொல்லியிருந்தார்கள், முழுக்கைச் சட்டை போட்டதும் சரியாகிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கட்டட வேலை, வயல் வேலை பார்ப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில பெண்களுக்கு மருந்து முடிகிற சமயம் பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கும், எனக்கு வரவில்லை. வந்தால் மருந்து கேட்கவில்லை என்று நினைத்துவிடாமல் காட்டுங்கள், அதற்குத் தனி மாத்திரை உண்டு.

நடுவே ஒரு விஷயம், தேடிப் படிக்கும்போது தெரிந்து சந்தோஷப்பட்டது. டாக்ஸிசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஃபைசர் கம்பெனி உருவாக்கி 1967ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அந்தக் குடும்பத்தின் மூத்த மருந்து ஆரியோமைசின், மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டகர் கண்டுபிடித்து 1948ல் வெளியானது. அவர் வேலை பார்த்த லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் எல்லாபிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் கட்டியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போன மனிதர். அதே 1948ல் இறந்துவிட்டார். பாடப்புத்தகத்தில் இவரைப் பற்றி ஒரு பாடமாவது வைக்கலாம்.

இனி என் வீட்டுக்காரர். அவருக்கு ஒரு அறிகுறியும் கிடையாது. “எனக்கு ஒண்ணுமில்லையே, நான் எதுக்கு மாத்திரை போடணும்?” என்றுதான் முதலில் கேட்டார். பெரும்பாலான வீட்டில் வைத்தியம் தோற்பது இந்தக் கேள்வியில்தான். ஒருத்தருக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி, கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். கவுன்சிலர் அக்கா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார், துணைவரை அழைத்து வரச் சொல்லி, அதில் வியாதியின் பெயர்கூட இல்லை. அவர் வந்ததும் முதலில் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள், நான் வெளியே பெஞ்சில். என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது, நான் கேட்டதற்கும் அக்கா சொல்லவில்லை, “அது சாரோட விஷயம்மா” என்றார். அப்போது கோபம் வந்தது. ஆனால் நான் சொன்னதையும் இதேபோல் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று புரிந்ததும் அந்தக் கோபம் மரியாதையாக மாறியது. பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார். “சார், ஆம்பளைங்களுக்கு இது பெரும்பாலும் வெளிய தெரியாது, விட்டா விதைப்பக்கம் வீங்கலாம். உங்களுக்காகவும் போடுறீங்க, அவங்களுக்காகவும் போடுறீங்க” என்று அவ்வளவுதான் சொன்னார். யாரையும் குற்றவாளியாக்கவில்லை.

இருவரும் அன்று இரவே ஆரம்பித்தோம். ஒரே நேரத்தில் மாத்திரை, ஒரே நேரத்தில் தண்ணீர். இருவரின் மருந்தும் முடிகிற வரை உறவு கூடாது, ஆணுறையோடும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே வேளை மருந்து எடுப்பவர்களும் அதன் பிறகு ஏழு நாள் விலகித்தான் இருக்க வேண்டும், விழுங்கிய அன்றே சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கடந்த 60 நாளில் வேறு யாருடனாவது உறவு இருந்திருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும், இது கணவன் மனைவிக்கு மட்டும் இல்லை, யாராக இருந்தாலும். எங்களுக்குள் பேச வேண்டிய பேச்சு இருந்தது, அதைப் பேசினோம், அது இங்கே வேண்டாம். மருந்தை முன்னால் வைத்துப் பேச்சைப் பின்னால் வைத்தது சரியான வரிசை என்று மட்டும் சொல்வேன்.

மையத்துக்கு ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன்? காத்திருக்கும் பெஞ்ச் நடைபாதையில் இருக்கிறது, போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், தெரிந்தவர் யாராவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. மருந்தகக் கண்ணாடித் துளை வழியாக “இது எந்த ஓபி சீட்டும்மா?” என்று சத்தமாகக் கேட்டார்கள். காலையில் மட்டும்தான் பார்க்கிறார்கள், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். எல்லாவற்றையும் விட, கிளமிடியாவுக்கான பிசிஆர் டெஸ்ட் நான் போன இடத்தில் இல்லை. அறிகுறி உள்ளவர்களுக்குப் பெட்டி கொடுத்து அனுப்புகிறார்கள், அது நல்லதுதான், ஆனால் அறிகுறியே இல்லாதவர்கள்தானே இந்த வியாதியில் அதிகம், அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கர்ப்பிணிகளுக்காவது, இளம்பெண்களுக்காவது அரசு இந்த டெஸ்ட்டை இலவசமாகக் கொண்டுவர வேண்டும். கர்ப்பிணிக்கு இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் போய்க் கண்ணில் சீழ் பிடிக்கும், நிமோனியாவும் வரலாம். கருத்தரிப்புச் சிகிச்சைக்குச் செலவாகிற காசோடு ஒப்பிட்டால் ஒரு டெஸ்ட்டும் 14 மாத்திரையும் ஒன்றுமே இல்லை.

இதைப் படித்துவிட்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் டாக்ஸிசைக்ளின் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. கர்ப்பமாக இருந்தால் கூடாது. வெள்ளைப்படுதல் எல்லாமே கிளமிடியாவும் கிடையாது. கொனோரியாவாக இருந்தால் இந்த மாத்திரையை நம்ப முடியாது, அது மருந்துக்கு மருந்து எதிர்ப்பு வளர்த்துக்கொண்டே போகிற கிருமி, அதற்கு இன்று பெரும்பாலும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி. நல்லவேளை, கிளமிடியா அந்த விதத்தில் இன்னும் அடங்கித்தான் இருக்கிறது. கடைக்காரர் தூக்கிக் கொடுக்கிற மூன்று நாள் அஸித்ரோமைசின் 500 அட்டையும் இதற்கான மருந்தளவு கிடையாது, அது தொண்டைக்கும் சளிக்கும் எழுதுகிற கணக்கு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097க்கு அடியுங்கள், இலவசம், தமிழிலும் பேசுவார்கள், உங்கள் பக்கத்து மையம் எங்கே என்று சொல்வார்கள்.

மறு டெஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். மருந்து முடிந்த அடுத்த வாரமே டெஸ்ட் எடுத்தால் செத்த கிருமியின் மரபணுவே பாசிட்டிவ் காட்டிவிடும், அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு கோர்ஸ் ஆரம்பிப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு நான்கு வாரம் கழித்துக் குணமானதா என்று பார்ப்பார்கள், மற்றவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து எல்லோரும் ஒருமுறை எடுக்க வேண்டும், மறுபடி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க. பெண்கள் பஞ்சுக் குச்சி மாதிரியை லேபின் பாத்ரூமிலேயே தாங்களாக எடுத்துக் கொடுக்கலாம், டாக்டர் எடுப்பதற்கு ஈடாகவே வேலை செய்கிறது. ஆண்களுக்குச் சிறுநீர் போதும், ஆனால் ஒரு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருந்துவிட்டு, முதலில் வருகிற சிறுநீரைப் பிடிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குச் சொல்வதுபோல் நடுவில் வருவதைப் பிடித்தால் கிருமி சிக்காமல் போகலாம். என் வீட்டுக்காரருக்கு லேபில் இருந்த பையன் இதைச் சொல்லவே இல்லை, நான்தான் சொல்லி அனுப்பினேன். இருவருக்கும் நெகட்டிவ் வந்தது. டெஸ்ட்டுக்கு மட்டும் இந்த முறையும் தனியார் லேபில்தான் பணம் கட்டினோம்.